ஹுன்பிங் என்னும் சீனக் கல்லறை ஜாடி

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்தின் சீனத் தொகுப்பில், வெபர் தம்பதியர் 1992ஆம் ஆண்டு நன்கொடையாக அளித்த பொருள்களுள் ஒன்றாக, ஏறத்தாழ 45 செ.மீ. உயரமுள்ள ஒரு பச்சை ஜாடி இருக்கிறது. அதன் மேற்பாதியைக் கையால் மறைத்துக்கொண்டு பார்த்தால், தோள் அகன்று அடி குறுகிய, எந்த வீட்டுச் சமையலறையிலும் இருந்திருக்கக்கூடிய ஒரு குடம் தெரியும். கையைக் கீழ்ப்பாதிக்கு நகர்த்தினால் குடம் மறைந்து, அடுக்குக் கூரைகளும் வாயில் கோபுரங்களும் மொய்க்கும் பறவைகளும் கொண்ட ஒரு மாளிகை தெரியும். குடத்தின் வாய் இருக்க வேண்டிய இடத்தை அந்த மாளிகையே அடைத்துக்கொண்டு நிற்பதால், இதனுள் எதைப் போட்டு எதை எடுப்பது என்ற கேள்வி முதல் பார்வையிலேயே எழுந்துவிடுகிறது.

இவ்வகை ஜாடிகளைச் சீன மொழியில் இன்று 'ஹுன்பிங்' என்கிறார்கள். 'ஹுன்' என்றால் ஆன்மா, 'பிங்' என்றால் ஜாடி. இவை கி.பி. 3ஆம் நூற்றாண்டில், வூ அரசு ஆண்ட காலத்திலும் (222–280) வடக்கில் தொடங்கிப் பின்னர் வூவையும் வென்ற மேற்கு ஜின் ஆட்சியிலும் (265–316), யாங்சே ஆற்றின் கீழ்ப்பகுதியில், அதாவது இன்றைய ஜெஜியாங் மாகாணத்திலும் ஜியாங்சு மாகாணத்தின் தென்பகுதியிலும் செய்யப்பட்டுக் கல்லறைகளுக்குள் வைக்கப்பட்டவை. வடசீனக் கல்லறைகளில் இவ்வழக்கம் இல்லை. தெற்கிலும் அது நெடுங்காலம் நீடிக்கவில்லை. 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த ஜாடிகள் மறைந்துவிடுகின்றன. ஏறக்குறைய மூன்று தலைமுறைகள் மட்டுமே வாழ்ந்த ஒரு வடிவம் என்று இதைச் சொல்லலாம்.

'கல்லறை ஜாடி' என்ற பெயர் நம்மை எளிதில் தவறான திசைக்குக் கொண்டுபோய்விடும் என்பதால் ஒன்றை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்வது நல்லது. முதுமக்கள் தாழியைப் போல இறந்தவரின் உடலையோ எலும்பையோ இட்டுப் புதைப்பதற்கான கலம் அல்ல இது. சாம்பல் கலசமும் அல்ல. அக்காலத்துச் சீனர் பொதுவாக உடலை எரிக்காமல் புதைத்தவர்கள். உடல் சவப்பெட்டியில் தனியே கிடக்கும். செங்கல்லால் கட்டிய கல்லறை அறையில் மற்றப் பண்டபாத்திரங்களோடு இந்த ஜாடியும் வைக்கப்படும்.

இறந்தவருக்காகவே செய்து, அவரோடு புதைக்கப்படும் பொருள்களுக்குச் சீனத்தில் 'மிங்சி' என்று பெயர். உயிரோடிருப்பவர் பயன்படுத்தும் பாத்திரம் அல்ல, அதன் சாயலில் செய்யப்பட்ட மாதிரி அது. மண் அடுப்பு, மண் கிணறு, மண் பன்றித்தொழுவம், மண் நெற்களஞ்சியம் என்று ஒரு பண்ணை வீட்டுக்கு வேண்டிய அனைத்தையும் கையடக்க அளவில் செய்து கல்லறையில் வைப்பது ஹான் ஆட்சிக் காலத்தில் (கி.மு. 206 – கி.பி. 220) பெருவழக்காக இருந்தது. ஹுன்பிங்கின் முன்னோர்களை இந்தப் பொம்மைப் பண்ணைக்குள்தான் தேட வேண்டும்.

ஹான் ஆட்சியின் பிற்பகுதியான கிழக்கு ஹான் காலத்தில் தென்சீனக் குயவர்கள் ஐந்து வாய் கொண்ட ஒரு ஜாடியைச் செய்தார்கள். நடுவில் ஒரு பெரிய வாய். அதைச் சுற்றித் தோளின் மேல் நான்கு சின்னஞ்சிறு குடுவைகள். ஐந்து என்ற எண் சீனர் போற்றும் ஐவகைத் தானியங்களைக் குறிக்கிறது என்பது பலரும் ஏற்கும் விளக்கம். அப்படியானால் அது இறந்தவருக்கான ஒரு குதிர். அந்தக் குடுவைகளுக்கிடையே முதலில் ஒன்றிரண்டு பறவைகள் வந்து உட்கார்கின்றன. தானியம் இருக்கும் இடத்திற்குக் குருவி வருவதில் வியப்பில்லை. பிறகு மனிதர்கள் வருகிறார்கள், விலங்குகள் வருகின்றன, கூரைகள் எழுகின்றன. தலைமுறைக்குத் தலைமுறை மேலே கூட்டம் பெருகப் பெருக, நடுவிலிருந்த பெரிய வாய் மாளிகையாகி, சுற்றியிருந்த நான்கு குடுவைகளும் மூலைகளில் அடையாளம் தெரியாமல் சுருங்கிப்போகின்றன. அருங்காட்சியகத்தில் ஒரு ஹுன்பிங்கைப் பார்க்க நேர்ந்தால், கட்டடங்களின் இடுக்கில் அந்தச் சிறு குடுவைகள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றனவா என்று தேடிப் பாருங்கள். அவை தெளிவாக இருந்தால் ஜாடி பெரும்பாலும் வூ காலத்தது. அவை ஒடுங்கிக் கட்டடமே ஓங்கி நின்றால் மேற்கு ஜின் காலத்தது. இது கறாரான விதி அல்ல என்றாலும் தொடக்கநிலைப் பார்வையாளருக்குப் போதுமான துணை.

இனி அதன் பச்சை நிறத்திற்கு வருவோம். கிளேஸ் எனப்படும் கண்ணாடிப் பூச்சு பண்டைச் சீனக் கல்லறைப் பாண்டங்களில் இரண்டு வகையாக இருந்தது. இரண்டுமே பச்சையாக இருப்பதால் புதியவர்கள் குழம்புவது இயல்பு. ஹான் கால வடசீனக் களஞ்சிய மாதிரிகளில் காணப்படுவது ஈயப் பூச்சு. ஈயச் சேர்மத்தோடு சிறிது தாமிரத்தைக் கலந்து, ஆயிரம் டிகிரி செல்சியஸுக்கும் குறைந்த வெப்பத்தில் சுட்டால் இலைப்பச்சை நிறம் வரும். அடியில் உள்ள மண் செங்கல்லைப் போலச் சிவந்து, நீர் உறிஞ்சும் தன்மையுடன் இருக்கும். நூற்றாண்டுக் கணக்கில் ஈர மண்ணில் கிடந்த பாண்டத்தில் இந்தப் பூச்சின் மேற்பரப்பு மெல்லிய ஏடு ஏடாகச் சிதைந்து வெள்ளி போல மினுங்கும். அந்த மினுக்கத்தைச் சேகரிப்பாளர்கள் அழகு என்று கொண்டாடுகிறார்கள்; உண்மையில் அது கண்ணாடி அரிக்கப்பட்டதன் விளைவு. ஈயம் நஞ்சு என்றாலும், உண்ணப் போகிறவர் உயிரோடு இல்லாததால் கல்லறைப் பாண்டத்திற்கு அது ஒரு குறையாகவில்லை.

ஹுன்பிங்கின் பச்சை வேறு பரம்பரையைச் சேர்ந்தது. மரச்சாம்பலையும் மண்ணையும் நீரில் குழைத்துப் பூசி, 1200 முதல் 1300 டிகிரி வரையிலான வெப்பத்தில் சுடுவதால் உண்டாவது அது. சாம்பலில் உள்ள சுண்ணாம்பு, மண்ணில் உள்ள மணற்சத்தை உருக்கிக் கண்ணாடியாக்குகிறது. மண்ணிலும் பூச்சிலும் இயல்பாகவே கலந்திருக்கும் சிறிதளவு இரும்புதான் நிறத்தைத் தருகிறது. சூளைக்குள் காற்று தாராளமாகப் புகுந்தால் அந்த இரும்பு மஞ்சளாகவும் பழுப்பாகவும் மாறும். காற்றை மட்டுப்படுத்தி, புகை நிறைந்த சூழலில் சுட்டால் பாசியும் சாம்பலும் கலந்தாற்போன்ற பச்சையாகும். சீனர் 'சிங்சி' என்றும் ஐரோப்பியர் 'செலடன்' என்றும் அழைக்கும் பாண்டம் இதுவே. ஒரே ஜாடியில் ஒருபுறம் பச்சையும் மறுபுறம் மஞ்சளும் இருப்பதைக் கண்டால் அதைப் பழுது என்று எண்ண வேண்டாம். சூளையில் அது நின்ற இடத்தில் நெருப்பும் காற்றும் எந்தப் பக்கமாக வந்தன என்பதன் பதிவு அது.

இந்தச் சூளைகள் ஜெஜியாங்கின் ஷாங்யூ, ஷாவ்ஷிங் வட்டாரங்களில் இருந்தன. பிற்காலத்தில் 'யூவே' என்ற பெயரால் புகழ்பெற்ற பாண்டங்களின் தொடக்ககாலச் சூளைகள் இவை. மலைச்சரிவில் கீழிருந்து மேலாக, படுத்திருக்கும் பாம்பைப் போல நீளமாகக் கட்டப்பட்டதால் இவற்றுக்கு டிராகன் சூளை என்று பெயர். அடிவாயில் மூட்டிய தீ சரிவோடு தானாகவே மேலேறும். சரிவே புகைபோக்கியின் வேலையைச் செய்துவிடும். ஷாங்யூவில் கண்டெடுக்கப்பட்ட, மூன்று அரசுகள் காலத்துச் (வூ ஆண்ட காலத்துச்) சூளை ஒன்றின் நீளம் சுமார் 13 மீட்டர். வட்டாரத்துக் கல்லைப் பொடித்துப் பெற்ற மண், இந்த வெப்பத்தில் இறுகி, தட்டினால் கணீரென்று ஒலிக்கும் பொருளாகிறது. இதைச் சீன அறிஞர்கள் பீங்கான் என்றே சொல்கிறார்கள். மேற்கத்திய அறிஞர்கள், வெண்மையும் ஒளி ஊடுருவும் தன்மையும் இல்லாததால், ஸ்டோன்வேர் என்கிறார்கள். அருங்காட்சியகங்களின் பெயர்ப்பலகைகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதற்கு இந்த வரையறைச் சண்டையே காரணம், பொருள் ஒன்றுதான்.

கீழேயுள்ள குடத்தைச் சக்கரத்தில் வனைந்தார்கள். மேலேயுள்ள கூட்டத்தில் சிலவற்றைக் கையால் பிடித்தும், சிலவற்றை அச்சில் அழுத்தி எடுத்தும், நீர்க்குழம்பு மண்ணால் ஒட்டினார்கள். ஒரே அச்சிலிருந்து வந்த உருவம் ஒரே ஜாடியில் நாலைந்து முறை தோன்றுவதை உற்றுப் பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம். தடித்த குடமும் மெல்லிய பறவைகளும் வெவ்வேறு வேகத்தில் உலர்ந்து சுருங்குபவை என்பதால், இத்தனை ஒட்டுவேலையையும் விரிசல் இல்லாமல் அந்த வெப்பத்தில் சுட்டு எடுத்ததே பெரிய கைத்திறன்.

அந்தக் கூட்டத்தில் யார் யார் இருக்கிறார்கள்? பறவைகள்தாம் மிகுதி. சில ஜாடிகளில் அவை கூரையே தெரியாதபடி அடர்ந்து, எல்லாம் மேல்நோக்கி ஏறுவதுபோல இருக்கும். அவை தானியத்திற்கு வந்த குருவிகளா, ஆன்மாவை மேலுலகிற்கு அழைத்துச் செல்பவையா என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. என் எண்ணத்தில் முதலாவதாகத் தொடங்கி இரண்டாவதாக மாறியிருக்க வேண்டும். வாயிலின் இருபுறமும் நிற்கும் கோபுரங்கள் 'சுவே' எனப்படுபவை. பெரிய மனிதரின் மாளிகைக்கும் கல்லறைப் பாதைக்கும் முன்னால் உண்மையிலேயே கட்டப்பட்டவை, எனவே இரண்டில் எதையும் அவை குறிக்கலாம். இசைக்கருவி வாசிப்பவர்கள் இருக்கிறார்கள். கூர்நுனித் தொப்பியும் எடுப்பான மூக்கும் கொண்ட, நடு ஆசியர் என்று கருதப்படும் அயல்நாட்டார் இருக்கிறார்கள். சில ஜாடிகளின் வயிற்றில் சிறு துளைகள் இட்டு, அவற்றின் வழியே பாம்பும் விலாங்கும் நுழைவதுபோலவோ வெளிவருவதுபோலவோ செய்திருக்கிறார்கள்.

இவர்கள் நடுவே புத்தரும் இருக்கிறார். தலைக்குப் பின்னால் ஒளிவட்டம், உச்சியில் முடிச்சு, மடியில் கோத்த கைகள், தாமரையோ சிங்கமோ தாங்கும் இருக்கை, ஐயத்திற்கு இடமில்லை. சீனத்தின் தென்கிழக்கில் புத்தர் உருவம் பரவியதற்கான மிகத் தொன்மையான சான்றுகளில் இந்த ஜாடிகளும் அடங்கும். சீன மரபு தரும் செய்தியின்படி, காங் செங்ஹுய் என்ற துறவி 247ஆம் ஆண்டு வூ தலைநகரான ஜியான்யேவுக்கு, அதாவது இன்றைய நான்ஜிங்குக்கு வந்தார். அவருடைய முன்னோர் நடு ஆசியாவைச் சேர்ந்தவர்கள். பல தலைமுறைகள் இந்தியாவில் வாழ்ந்தவர்கள். தந்தை வணிகத்தின் பொருட்டு இன்றைய வட வியட்நாம் பகுதியில் குடியேறியவர். ஆகவே புத்த சமயம் தென்சீனத்திற்குக் கடல்வழியாகவும் வந்துகொண்டிருந்த காலத்தில்தான் இந்த ஜாடிகள் செய்யப்பட்டன.

ஆயினும் இதை வைத்து, ஜாடியை வாங்கியவர்கள் பௌத்தர்கள் என்று முடிவு கட்டிவிட முடியாது. இந்தப் புத்தர்கள் வழிபடும் இடத்தில் இல்லை. கூரைக்குக் கீழே வரிசையாகவும், சில வேளைகளில் ஜாடியின் வயிற்றில் விலங்குகளுக்கும் விலங்கு மேல் ஏறிய வீரர்களுக்கும் நடுவிலும், மற்ற அலங்கார உருவங்களுக்குச் சமமாக ஒட்டப்பட்டிருக்கிறார்கள். சாவை வென்று பறந்து செல்லும் அமரர்களைச் சீனர் முன்பே நம்பியிருந்தார்கள். மேற்கிலிருந்து வந்த புதிய, ஆற்றல் மிக்க ஓர் அமரராகவே குயவர் புத்தரையும் கண்டிருக்க வேண்டும். மேலும், பிறவிச் சுழலிலிருந்து விடுபடச் சொன்னவரின் உருவத்தை, இறந்தவரின் ஆன்மா வசதியாக வாழ்வதற்கான மாளிகையின் முகப்பில் வைப்பது, அவருடைய போதனையை அறிந்தவர் செய்யும் செயலாகத் தோன்றவில்லை.

'ஆன்ம ஜாடி' என்ற பெயருக்குப் பின்னால் ஒரு கோட்பாடு இருக்கிறது. பண்டைச் சீன நூல்களின்படி மனிதனுக்குள் 'ஹுன்' என்றும் 'போ' என்றும் இரண்டு ஆன்மாக்கள் உண்டு. இறந்தபின் ஹுன் வானத்திற்கும், போ உடலோடு மண்ணுக்கும் போகும். ஒருவர் இறந்தவுடன், அவருடைய ஆடையை ஏந்திக் கூரைமேல் ஏறி, வடக்கு நோக்கி மூன்று முறை கூவி அழைக்கும் சடங்கும் இருந்தது. ஆன்மா திரும்பி வந்தால் உயிர் பிழைக்கும், வராவிட்டால் ஈமச் செயல்களைத் தொடங்கலாம். போரில் உடலே கிடைக்காமல் போனவர்களுக்கு இதை நீட்டித்து, ஆன்மாவை மட்டும் அழைத்துப் புதைக்கும் வழக்கமும் தோன்றியது. அப்படி அழைக்கப்பட்ட ஆன்மா தங்குவதற்காகவே இந்த ஜாடி செய்யப்பட்டது என்பது அந்தக் கோட்பாடு.

இதற்கு வரலாற்றில் புகழ்பெற்ற ஒரு வழக்கு துணை நிற்கிறது. ஜின் அரச குடும்பத்தைச் சேர்ந்த சிமா யூவே 311ஆம் ஆண்டு இறந்தபோது, பகைவரான ஷி லெயின் படை அவருடைய உடலைக் கைப்பற்றி எரித்துவிட்டது. தெற்கே தப்பி வந்த அவருடைய மனைவி பெய் சீமாட்டி, கணவரின் ஆன்மாவை அழைத்துப் புதைக்க அனுமதி கேட்டார். உடலுக்குக் கல்லறை, ஆன்மாவுக்குக் கோயில் என்பதே மரபு, ஆன்மாவை மண்ணில் அடைப்பது முறையல்ல என்று அரசவையில் வாதிடப்பட்டது. 318ஆம் ஆண்டு, தெற்கில் ஜின் ஆட்சியைத் தொடர்ந்த பேரரசர் யுவான் இந்த வழக்கத்தைத் தடைசெய்தார். பெய் சீமாட்டி ஆணையைப் பொருட்படுத்தாமல் கணவருக்குக் கல்லறை எழுப்பினார். தடை வந்த காலமும் ஜாடிகள் மறைந்த காலமும் ஏறத்தாழ ஒன்றே என்பதால், இரண்டையும் இணைத்துப் பார்ப்பது கவர்ச்சியாகவே இருக்கிறது.

ஆனால் ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் இடிக்கிறது. தேதி பொறிக்கப்பட்ட ஜாடிகள் 260ஆம் ஆண்டிலேயே கிடைக்கின்றன. ஜின் ஆட்சியிலிருந்த வடசீனம் பகைவரிடம் வீழ்ந்து அகதிகள் தெற்கே வந்து குவிந்தது அதற்கு அரை நூற்றாண்டுக்குப் பிறகுதான். அதோடு, இந்த ஜாடிகள் சவப்பெட்டியுள்ள கல்லறைகளிலும் கிடைத்திருக்கின்றன. உடல் இருக்கும்போது ஆன்மாவுக்குத் தனியாகப் புதைப்பு எதற்கு? எனவே கோட்பாடு முழுவதும் தவறு என்று சொல்லாவிட்டாலும், ஜாடியின் பிறப்பை அதனால் விளக்க முடியாது. சீன அறிஞர் பலர் 'களஞ்சிய ஜாடி' என்றும், எந்தக் கோட்பாட்டிலும் சிக்க விரும்பாதவர்கள் வெறுமனே 'உருவங்கள் குவித்த ஜாடி' என்றும் அழைப்பது இதனால்தான்.

இவ்வளவு வாதத்திற்கும் நடுவில் ஜாடியே சில சொற்களைச் சொல்கிறது. பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் உள்ள, 1930களில் ஷாவ்ஷிங்கில் கிடைத்த 46.4 செ.மீ. உயர ஜாடியில் மூன்றடுக்கு மாளிகை, இசைஞர்கள், பறவைகள் ஆகியவற்றோடு, ஓர் ஆமை தன் முதுகில் சிறிய கல்வெட்டுப் பலகையைச் சுமந்து நிற்கிறது. அதில் யோங்ஆன் என்ற வூ ஆட்சிக்காலத்தின் மூன்றாம் ஆண்டு, அதாவது 260 என்று தேதியிட்டு, செல்வமும் மங்கலமும் உண்டாகுக, உயர்ந்த அரசுப் பதவிகள் வாய்க்குக, பிள்ளைகளும் பேரர்களும் பெருகுக, ஆயுள் நீள்க, கோடி ஆண்டுகளுக்குத் தீங்கு நேராதிருக்க என்னும் பொருளில் எழுதப்பட்டிருக்கிறது. சூச்சோவுக்கு அருகே கிடைத்த மற்றொரு ஜாடியில், ஷிநிங் என்ற ஊரில் செய்யப்பட்ட இந்தக் கலத்தைப் பயன்படுத்தினால் சந்ததிக்கு நன்மை, உயர் பதவி, முடிவில்லா மகிழ்ச்சி என்று விளம்பரமே போன்ற வாசகம் இருக்கிறது. ஷிநிங் இன்றைய ஷாங்யூ பகுதியில் இருந்த வட்டம். ஆகவே இந்த உடையும் பண்டம் வேறு ஊருக்கும் விலைபோயிருக்கிறது.

இந்த வாசகங்களில் எனக்கு முதன்மையாகப்படுவது, இறந்தவரைப் பற்றி அவற்றில் ஒரு சொல்லும் இல்லை என்பதே. பேரன், பதவி, நீண்ட ஆயுள் எல்லாம் உயிரோடிருப்பவர்களின் விருப்பங்கள். மேலே மாளிகை, உள்ளே களஞ்சியம், வாயிலில் இசை என்று மூதாதையை மனம் குளிர வைத்தால் அவர் குடும்பத்தைக் காப்பார் என்ற கொடுக்கல்வாங்கலாக இந்த ஜாடியைப் படித்தால், களஞ்சியமா, ஆன்மாவின் வீடா என்ற சண்டையே பாதி தணிந்துவிடுகிறது.

இன்று உலகத் தொகுப்புகளில் உள்ள ஹுன்பிங்குகளில் பல, முறையான அகழாய்வு இன்றி வணிகர் கைமாறி வந்தவை. அழகு குறையவில்லை என்றாலும் செய்தி குறைந்துவிட்டது. கல்லறையில் அது சவப்பெட்டிக்கு அருகில் இருந்ததா, படையல் கலங்களோடு முன்புறம் இருந்ததா, உள்ளே தானியத்தின் தடயம் இருந்ததா, பக்கத்தில் புதைக்கப்பட்டவர் ஆணா பெண்ணா என்பதெல்லாம் தோண்டியவரோடு போய்விட்டன. சூடாக்கும்போது மண் உமிழும் ஒளியை அளக்கும் தெர்மோலூமினசன்ஸ் சோதனையால் பாண்டம் கடைசியாகச் சுடப்பட்டது பன்னெடுங்காலத்திற்கு முன்பா, அண்மையிலா என்று பிரித்துப் போலிகளை அடையாளம் காணலாம். ஆனால் ஒட்டிச் சீர்செய்யப்பட்ட பறவையோ கூரையோ மூலப்பொருளின் பகுதிதானா என்பதைத் தனியாகத்தான் ஆராய வேண்டும். மெல்லிய கழுத்துள்ள பறவைகள் எல்லாம் சேதமின்றி இருக்கும் ஒரு ஜாடியைக் காணும்போது மகிழ்வதற்கு முன் சற்று ஐயுறுவது நல்லது.

யோங்ஆன் ஜாடியின் வாசகத்தில் எழுத்துப் பிழைகள் இருக்கின்றன. மங்கலம் என்று பொருள்தரும் 'ஷியாங்' என்ற எழுத்துக்குப் பதிலாக, ஓசையைக் காட்டும் அதே உறுப்பைக் கொண்ட, கடல் என்று பொருள்படும் 'யாங்' எழுதப்பட்டிருக்கிறது. தீங்கு என்ற சொல்லின் இடத்தில், அதன் ஓசை உறுப்பையே பகிர்ந்துகொள்ளும், மலர் என்று பொருள்படும் எழுத்து நிற்கிறது. ஓசையைப் பிடித்துக்கொண்டு எழுதிய குயவரை வாங்கியவர் யாரும் திருத்தவில்லை. ஜாடி அப்படியே சூளைக்குப் போய், அப்படியே மண்ணுக்கும் போயிற்று.